கோதாவை விட்டு இறங்குவது எப்போது?

உத்திரமேரூருக்கு நீங்கள் போயிருக்கிறீர்களா? சென்னையிலிருந்து சுமார் 90 கிலோமீட்டர். காஞ்சிபுரத்துக்குப் பட்டு வாங்கப் போகிறவர்கள், இன்னும் கொஞ்ச நேரம் பஸ்ஸில் உட்காரப் பொறுமை இருந்தால், அந்த ஊரையும் பார்த்துவிட்டு வரலாம். பெயரிலே மேரு மலை இருக்கிறதே என்று உச்சியைத் தேடிக்கொண்டு போனால் மட்டும் ஏமாந்து போவீர்கள். நான் பார்த்த வரையில் ஊருக்குள் மலையும் இல்லை, உச்சியும் இல்லை. வயல், ஏரி, கோயில்கள், பஸ் நிலையம், பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி என் பெரியம்மாவின் இட்லிக் கடை. இவ்வளவுதான்.

2025 டிசம்பர் 14ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அங்கே போய் இறங்கினேன். வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பற்றி எழுதி வரும்படி ஆசிரியர் அனுப்பியிருந்தார். கல்வெட்டுக்கு முன்னால் இரண்டு இட்லி என்று பெரியம்மா கடைக்குள் நுழைந்தேன். உள்ளேயிருந்து ஓர் அழுகைச் சத்தம்!

பெரியம்மாவின் பேரன், பதினொரு வயசுப் பையன், கையில் செல்போனை வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தான்.

"என்னடா ஆச்சு?"

"ஜான் சீனா தோத்துட்டாரு, சித்தப்பா! கடைசிக் குஸ்தியிலே தோத்துட்டாரு!"

பையன் இருக்கும் வீட்டில் ஜான் சீனா யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் வீட்டுச் சுவரிலும் அந்த அமெரிக்கப் பயில்வான் ஒட்டப்பட்டிருப்பார். 17 தடவை உலகச் சாம்பியன் பட்டம் பெற்றவர். அப்போது 48 வயசு. 2025ம் வருஷம்தான் தம் கடைசி வருஷம் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, ஊர் ஊராகச் சென்று விடை பெற்றார். முடிவில் வாஷிங்டன் நகரத்தில் குந்தர் என்ற ஆஸ்திரியப் பயில்வானிடம் கழுத்துப் பிடியில் மாட்டிக்கொண்டு, கையைத் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார். விட்டுக்கொடுக்காதே என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். பையன் அழாமல் என்ன செய்வான்?

கல்லாவில் உட்கார்ந்திருந்த பெரியம்மா என்னைப் பார்த்தாள்.

"ஏம்பா, நீ பத்திரிகைக்காரன்தானே? எனக்கு ஒண்ணு சொல்லு. இந்தப் பயில்வானுங்க ஜெயிச்சிக்கிட்டு இருக்கறப்பவே இறங்கிட மாட்டாங்களா? எதுக்குக் கடைசியிலே தோத்துட்டு, இந்தப் புள்ளையை இப்பிடி அழவெக்கணும்?"

இட்லிப் பானையைத் திறந்துகொண்டிருந்த அண்ணி ஒரு விநாடி நிமிர்ந்தாள்.

"அதை நீங்க கேக்கறீங்களா, அத்தை?" என்றாள், மிக மெதுவாக.

கடையில் திடீரென்று நிசப்தம். பையன்கூட அழுகையை நிறுத்திவிட்டான்.

உப்பு யார் கையில்?

விஷயம் இதுதான். பெரியம்மாவுக்கு வயசு 69. நாற்பது வருஷமாகக் கடை அவள் கையில் இருக்கிறது. 'ஆயா கடை' என்றால் ஊரில் தெரியாதவர் இல்லை. அண்ணி அந்த வீட்டுக்கு மருமகளாக வந்து 14 வருஷம் ஆகிறது. அரிசி களைவது அண்ணி, கிரைண்டரில் போடுவது அண்ணி, விடியற்காலையில் அடுப்பு மூட்டுவது அண்ணி. ஆனால் அரைத்த மாவில் உப்புப் போட்டுக் கையால் கலக்கி வைக்கிற அதிகாரம் மாத்திரம் பெரியம்மாவுடையது. அந்த வேலை நடக்கும்போது வேறு யாரும் பாத்திரத்தின் அருகில்கூட வரக்கூடாது.

இரண்டு மாதத்துக்கு முன்னால் இட்லித் தட்டை எடுக்கும்போது பெரியம்மாவின் கை நடுங்கி, ஆவி அடித்து, மணிக்கட்டில் கொப்புளம் கண்டுவிட்டது. "போதும், உட்காருங்கள்" என்று அண்ணன் சொன்னான். பெரியம்மா உட்கார்ந்தாள் - கல்லாவில். உப்பு ஜாடியையும் எடுத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்!

ஆகவே, நேயர்களே, பெரியம்மா கேட்டது பயில்வான்களைப் பற்றிய கேள்வி மாதிரி இருந்தாலும், அது குஸ்தி மேடையோடு நிற்கிற கேள்வி அல்ல என்பது உங்களுக்கே புரிந்திருக்கும். நமக்கு மட்டும் என்ன? சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்க வேண்டும் என்பது எத்தனை வீடுகளில் இன்னும் தீராத வழக்கு!

கல்வெட்டு எங்கேயும் ஓடிப்போகாது. நான் பெஞ்சில் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு, எனக்குத் தெரிந்த பயில்வான்களை ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பித்தேன்.

எதிரிகள் ஓய்வு பெற்ற கதை

முதலில் வந்தவர் காமா பயில்வான். பழைய தலைமுறை ஜனங்கள் ஒரு பையன் கொஞ்சம் புஷ்டியாக இருந்தால், "பெரிய காமா பயில்வான்!" என்று கேலி செய்வார்கள். பஞ்சாபைச் சேர்ந்த அந்த மகா மல்லர் 1910ல் லண்டனுக்குப் போனார். போலந்து நாட்டு ஸ்பிஸ்கோ என்ற மலை போன்ற மனிதரோடு மோதினார். ஸ்பிஸ்கோ தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டு இரண்டு மணி நேரத்துக்கு மேல் எழுந்திருக்கவே இல்லை. போட்டி முடிவில்லாமல் நின்றது. அடுத்த வாரம் மறுபடியும் நடக்க வேண்டும். ஸ்பிஸ்கோ வரவில்லை. பட்டம் காமாவுக்கு.

18 வருஷம் கழித்து, 1928ல் பாட்டியாலாவில் இருவரும் திரும்பச் சந்தித்தார்கள். இருவருக்கும் ஏறக்குறைய 50 வயசு. அந்தத் தடவை ஒரு நிமிஷத்துக்குள் காமா ஸ்பிஸ்கோவை மண்ணில் சாய்த்துவிட்டார். பிறகு அவரோடு மோதத் துணிந்தவர்கள் மிகக் குறைவு. முறைப்படி அவர் ஓய்வு பெற்றது 1952ல். அதாவது, காமா ஓய்வு பெறுவதற்கு வெகு காலம் முன்பே அவருடைய எதிரிகள் ஓய்வு பெற்றுவிட்டார்கள்!

"அப்ப தோக்காமலே இறங்கினாரு. கெட்டிக்காரரு!" என்றாள் பெரியம்மா.

தோற்கவில்லை, வாஸ்தவம். ஆனால் 1960ல் லாகூரில் அவர் காலமாவதற்கு முந்திய வருஷங்களில் நோயும் பணமுடையும் அவரை விடவில்லை. அபிமானிகள் உதவி செய்யும்படி ஆயிற்று. கோதாவில் யாராலும் தள்ள முடியாத மனிதரைக் கோதாவுக்கு வெளியே வாழ்க்கை தள்ளிப் பார்த்தது.

அடுத்தவர் அமெரிக்காவின் பிராங்க் காட்ச். 1908ல் ஹாக்கன்ஸ்மித் என்பவரை வென்று உலகச் சாம்பியன் ஆனார். 1911ல் அதே ஆளை மறுபடியும் வென்றார். 1913ல் பட்டத்தோடு விலகினார். உச்சியில் இருக்கும்போதே இறங்கியவர் என்று சரித்திரம் காட்டுகிற ஆசாமி இவர். ஆனால் சும்மா இருக்க முடியவில்லை. சர்க்கஸ் குழு ஒன்றோடு சுற்றப் போனார். 1916ல் கால் முறிந்தது. 1917ல், நாற்பது வயசை ஒட்டியே இறந்து போனார். அவரிடம் இரண்டு தடவையும் தோற்ற ஹாக்கன்ஸ்மித் என்ன ஆனார் தெரியுமா? குஸ்தியை விட்டுவிட்டுத் தத்துவ நூல்கள் எழுதிக்கொண்டு 1968 வரை நிம்மதியாக வாழ்ந்தார்! ஜெயித்தவர் யார், தோற்றவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

நம் தாராசிங்கை மறக்கலாமா? 1940களின் பிற்பகுதியில் சிங்கப்பூர், மலேயா மேடைகளில் பெயர் எடுத்தவர். கிங்காங்கும் தாராசிங்கும் மோதின கதைகளை நம் தாத்தாக்கள் எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! 1968ல் பம்பாயில் அமெரிக்கரான லூ தெஸ் என்பவரை வென்று உலகப் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு 39 வயசு. லூ தெஸுக்கோ 52. அந்தச் சமயத்தில் தாராசிங் இறங்கியிருந்தால் அதுதான் உச்சி. அவரோ 1983 வரை இருந்துவிட்டு, 54ம் வயசில் டில்லியில் விடை பெற்றார். ஆயினும் அவருடைய அதிர்ஷ்டம், இறங்குவதற்கு அவருக்கு வேறொரு படிக்கட்டு இருந்தது. சினிமா! 'ராமாயணம்' டெலிவிஷன் தொடரில் அனுமாராக வந்து நம் வீட்டுப் பாட்டிமார்களைக் கன்னத்தில் போட்டுக்கொள்ளச் செய்தார். 2003ல் ராஜ்ய சபைக்கும் நியமிக்கப்பட்டார். அவரிடம் தோற்ற லூ தெஸ், 1990ல் ஜப்பானில் 74ம் வயசில் இன்னொரு தடவை மேடை ஏறினார்!

"எழுபத்து நாலா?" என்று பெரியம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் தெரிந்தது. அண்ணி பெருமூச்சு விட்டாள்.

மறுபடியும் மறுபடியும்

தொழில்முறைக் குஸ்தியில் 'ஓய்வு' என்ற வார்த்தைக்கு நம் அகராதியில் உள்ள அர்த்தம் கிடையாது. டெர்ரி பங்க் என்பவர் 1983லேயே ஜப்பானில் ஜனங்கள் கண்ணீர் விட ஓய்வு பெற்றார். அடுத்த வருஷமே திரும்பி வந்தார். பிறகு எத்தனையோ ஓய்வுகள், எத்தனையோ திரும்பி வரவுகள். 2017 வரை மேடை ஏறிக்கொண்டுதான் இருந்தார். 2023ல் காலமானார். ரிக் பிளேர் என்ற பிரபல வீரர் 2008ல் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் முன்னிலையில் தோற்று, தேம்பி அழுது விடை பெற்றார். அடுத்த வருஷமே ஆஸ்திரேலியாவில் குஸ்தி! 2022ல் 73ம் வயசில் ஒரு 'கடைசிக் குஸ்தி'.

ஏன் இப்படி? முதல் காரணம் காசு. இந்தப் பயில்வான்களைக் கம்பெனிகள் மாதச் சம்பள உத்தியோகஸ்தர்களாக வைத்துக்கொள்வதில்லை. ஒப்பந்தக்காரர்கள் என்றுதான் கணக்கு. ஆகவே நம் வீட்டு அரசாங்க உத்தியோகஸ்தருக்கு உள்ளதுபோல் பென்ஷனோ, பிராவிடண்ட் நிதியோ எதிர்பார்க்க முடியாது. மேடை ஏறினால் பணம்; ஏறாவிட்டால் இல்லை. பெரிய நட்சத்திரங்கள் தப்பித்துக்கொள்வார்கள். மற்றவர்கள் முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, சிறிய ஊர்களின் சிறிய மேடைகளில் விழுந்து எழுந்துகொண்டிருப்பார்கள்.

இரண்டாவது காரணம் கைதட்டல். ஆயிரக்கணக்கானவர் பெயர் சொல்லிக் கூவுகிற சத்தத்தைக் கேட்டுப் பழகின காதுக்கு, வீட்டுக் கடிகாரத்தின் சத்தம் பெரிய தண்டனை.

"காசு கிடக்குதுப்பா" என்றாள் பெரியம்மா, திடீரென்று. "கடை இல்லாட்டியும் என் புள்ளை சோறு போடுவான். அது இல்லே. காலையிலே வர்றவன் எல்லாம் 'ஆயா, இட்லி நல்லா இருக்குது'ங்கறான். இறங்கிட்டா அப்புறம் நான் யாரு?"

அவள் குரல் தழுதழுத்துவிட்டது. அண்ணி கரண்டியைக் கீழே வைத்தாள். அவளும் இதை அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்கிறாள் போலிருந்தது.

தோற்றுவிட்டுப் போகும் மரியாதை

பையன் எழுந்து தண்ணீர் குடிக்கப் போன சமயம் பார்த்து, மூன்றாவது காரணத்தைத் தணிந்த குரலில் சொன்னேன். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன். பையன்கள் காதில் விழாமல் வாசியுங்கள்.

காமா காலத்துக் குஸ்தி வேறு, இந்த டெலிவிஷன் குஸ்தி வேறு. இதில் யார் ஜெயிக்க வேண்டும் என்பது முன்கூட்டியே தீர்மானமான விஷயம். நான் சொல்வதல்ல, கம்பெனிக்காரர்களே 1989ல் அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலச் சட்டசபையில், இது போட்டியல்ல, பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விழுவது நிஜம், வலி நிஜம், எலும்பு முறிவதும் நிஜம். முடிவு மட்டும் நாடகம்.

அப்படியானால் ஜான் சீனா ஏன் ஜெயித்துவிட்டுப் போகவில்லை? ஜெயிக்கும்படி எழுதிக்கொள்ள முடியாதா? முடியும். ஆனால் அந்தத் தொழிலில் ஒரு பழைய சம்பிரதாயம் இருக்கிறது. போகிறவன் தோற்றுவிட்டுப் போக வேண்டும். இருபது வருஷம் சம்பாதித்த பெயரைப் பெட்டியில் பூட்டி எடுத்துக்கொண்டு போகக்கூடாது. தன்னை வென்றான் என்ற பெருமையை அடுத்தவன் தோளில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மூத்தவரை வென்றவன் என்று சொல்லிக்கொண்டு இளையவன் இன்னும் பத்து வருஷம் கூட்டம் சேர்ப்பான். ஆகவே இந்த மேடையில் உச்சியில் இருக்கும்போதே இறங்குகிறவன் கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கலாம். தோற்று இறங்குகிறவன்தான் நல்லவன் என்று பெயர் வாங்குவான்.

"தோத்துட்டுப் போறதுதான் மரியாதையா?" என்று கேட்டாள் பெரியம்மா.

"அந்தத் தொழிலில் அப்படித்தான்."

அவள் அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. உப்பு ஜாடியின் மூடியைத் திறந்தாள், மூடினாள்.

காலணியைக் கழற்றியவர்கள்

பெண்கள் எப்படி என்று கேட்பீர்கள். உச்சியில் இறங்கியவர் யார் என்று தேடினால், சட்டென்று முன்னால் வந்து நிற்பவர் ஒரு பெண்தான். கனடாவைச் சேர்ந்த டிரிஷ் ஸ்டிராடஸ். 2006 செப்டம்பரில், தம் சொந்த ஊரான டொராண்டோவில், பெண்கள் சாம்பியன் பட்டத்தை ஏழாவது தடவையாக வென்றார். வயசு 30. வென்ற கையோடு விடை பெற்றார். அதே மாதம் அவருக்குக் கல்யாணம். எத்தனை அழகான முடிவு! ஆனால் கதை அங்கே முடியவில்லை. 2019ல் அதே டொராண்டோவுக்குத் திரும்பி வந்து ஒரு குஸ்தியில் தோற்றார். யாரிடம் தெரியுமா? மேலே அழுதுகொண்டே விடை பெற்றாரே ரிக் பிளேர், அவருடைய மகள் ஷார்லட்டிடம்! தோல்வி என்ற மரியாதையை அவரும் செலுத்திவிட்டுத்தான் போனார். 2023ல் மறுபடியும் வந்தார் என்பது வேறு விஷயம்.

நிஜமான போட்டி நடக்கும் ஒலிம்பிக் மல்யுத்தத்தில், இறங்கும் வீரர் காலணியைக் கழற்றி விரிப்பின் நடுவே வைத்துவிட்டுப் போவது ஒரு வழக்கம். கியூபாவின் மிஹைன் லோப்பஸ் 2024ல் பாரிஸ் ஒலிம்பிக்கில், 42 வயசு நிரம்ப இரண்டு வாரம் இருக்கையில், தொடர்ந்து ஐந்தாவது தங்கப் பதக்கம் வென்றார். குனிந்து காலணிகளைக் கழற்றி வைத்தார். வெறுங்காலோடு நடந்து போனார். உச்சியில் இறங்குவது என்றால் அதுதான்.

நம் நாட்டிலும் ஒரு பெண் காலணியைக் கழற்றினாள். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்று, மல்யுத்தத்தில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் என்ற பெயர் பெற்ற சாக்ஷி மாலிக்தான் அவள். 2023 டிசம்பர் 21ல், டில்லியில் பத்திரிகைக்காரர்கள் முன்னிலையில், காலணிகளை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனாள். அப்போது வயசு 31. வீராங்கனைகளிடம் தகாத முறையில் நடந்தார் என்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு வேண்டியவரே மல்யுத்த சம்மேளனத்துக்குத் தலைவராக வந்துவிட்டார் என்ற ஆற்றாமை. அவள் மலையிலிருந்து தானாக இறங்கவில்லை. ஏற வழியில்லாமல் இறங்கினாள். இரண்டு ஜோடிக் காலணிகள்தாம். ஒன்றைப் பார்த்தால் பெருமிதம் வருகிறது. மற்றதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது.

வினேஷ் போகட் கதை உங்களுக்கே தெரியும். 2024ல் பாரிஸில் அதுவரை சர்வதேசப் போட்டியில் தோல்வி காணாத ஜப்பானிய வீராங்கனையை வென்று இறுதிப் போட்டி வரை வந்தாள். மறுநாள் காலையில் 100 கிராம் எடை கூடுதல் என்று விலக்கப்பட்டாள். அடுத்த நாள் விடை பெற்றாள். 2025 டிசம்பரில், 2028 ஒலிம்பிக்கை மனத்தில் வைத்து மீண்டும் வருவதாக அறிவித்தாள். அவளைக் குறை சொல்ல யாருக்கு மனசு வரும்? உச்சி எது என்று ஏறுகிறவருக்குத் தெரிவதில்லை. இன்னும் ஒரு படி இருக்கும் என்றே தோன்றுகிறது. கீழே இறங்கின பிறகுதான் திரும்பிப் பார்த்து, "அடடா, அதுவல்லவா உச்சி!" என்கிறோம்.

கல்வெட்டு சொன்ன பதில்

பிற்பகல் வெயில் தணிந்ததும் கோயிலுக்குப் புறப்பட்டேன். "நானும் வர்றேம்பா" என்றாள் பெரியம்மா. நாற்பது வருஷமாக அந்தக் கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்தும், கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க அவளுக்கு நேரம் கிடைத்ததில்லை. பையனும் ஓடி வந்தான்.

நேயர்களே, பயில்வான்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த எனக்கு அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. உத்திரமேரூர் வளர்ந்தது பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில். அவனுடைய பட்டப் பெயர் என்ன? பல்லவமல்லன்! பன்னிரண்டு வயசில் அரசனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, எட்டாம் நூற்றாண்டில் சுமார் 65 வருஷம் சிம்மாசனத்தை விடாமல் இருந்தவன். மல்லன் என்று பெயர் வைத்துக்கொண்டால் இறங்க மனசு வராது போலிருக்கிறது!

ஆனால் அவனுக்குச் சுமார் 125 வருஷம் பிந்தி, முதலாம் பராந்தக சோழன் காலத்தில் இந்த ஊர்ச் சபையார் செய்த காரியத்தைப் பாருங்கள். 919லும் 921லும் இரண்டு தீர்மானங்கள் செய்து, கோயில் கல்லில் வெட்டி வைத்தார்கள். ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறு பையனைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்ல வேண்டும். இப்படி வந்தவர்களைக் கொண்டு சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் எல்லாம் அமைந்தன. சொந்த மனையும் வரி கட்டும் நிலமும் வேண்டும், படிப்பு வேண்டும், வயசு 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும்.

பெண்களுக்கு அதில் இடமில்லை. வேதம் படித்தவர்களின் ஊர் அது. மற்ற ஜாதியாருக்கும் இடமில்லை. அதை மறைத்துவிட்டுப் பெருமை பேசுவது நியாயமல்ல. ஆனால் இதையும் கவனியுங்கள். வாரியத்தில் இருப்பவர் 360 நாள்தான் இருக்கலாம். எத்தனை கெட்டிக்காரராக இருந்தாலும் சரி, 360 நாள் முடிந்தால் இறங்க வேண்டும். அதற்குப் பிறகு மூன்று வருஷம் அவர் பெயரைக் குடத்தில் போடக்கூடாது. கணக்குக் கொடுக்காமல் போனவருக்கு மறுபடியும் இடமே கிடையாது. அவருக்கு மட்டுமா? சிற்றன்னை மக்கள், பேரன்னை மக்கள் வரை உறவினர்களுக்கும் கிடையாது!

"அப்ப உங்க அண்ணன் கணக்குக் கொடுக்காட்டி, சித்தி மகன் உனக்கும் இடமில்லே" என்று சிரித்தாள் பெரியம்மா.

"ஆமாம். எழுபது வயசு தாண்டினவர்களுக்கும் இல்லை" என்றேன், கொஞ்சம் துணிச்சலாக.

"எனக்கு அறுபத்தொன்பதுதான்!" என்று பளிச்சென்று பதில் வந்தது.

இருவரும் சிரித்துவிட்டோம். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் அவள் எதையோ யோசித்துக்கொண்டே நடந்தாள். எனக்கும் யோசனைதான். இறங்குவது எப்போது என்பதை மனுஷன் தன் மனசைக் கேட்டுத் தீர்மானிக்கவே முடியாது என்று அந்த ஊர்க்காரர்கள் ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்பே கண்டுகொண்டார்கள். மனசு ஒரு நாளும் "போதும்" என்று சொல்லாது. ஆகையால் மனசை நம்பாமல், நாள் கணக்கை நம்பினார்கள். இறங்குவது அவமானமாக இல்லாமல் முறையாக ஆயிற்று. இறங்கியவர் மூன்று வருஷம் கழித்துத் திரும்பவும் வரலாம் என்ற வழியும் இருந்தது. காமாவுக்கும் காட்சுக்கும் அப்படி ஒரு குடம் கிடைக்கவில்லை.

வீட்டுக் குடவோலை

அன்று இரவு மாவு அரைத்து முடிந்தது. அண்ணி வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள். பெரியம்மா உப்பு ஜாடியோடு வந்தாள். உட்காரவில்லை.

"சீட்டுப் போட்டுப் பார்த்துடுவோம். அந்தக் காலத்துலே இந்த ஊரு வழக்கமாமே! யாரு பேரு வருதோ அவங்கதான் உப்புப் போடணும். டேய், எழுதுடா" என்று பேரனைக் கூப்பிட்டாள்.

இருவரும் சற்று நேரம் திண்ணையில் குசுகுசுவென்று பேசினார்கள். பையன் நோட்டுப் புஸ்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழித்து, இரண்டு சீட்டு எழுதி, மடித்து, சொம்பில் போட்டுக் குலுக்கினான். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்தான்.

"அம்மா!" என்று கத்தினான்.

அண்ணி அசையவில்லை. பெரியம்மா ஜாடியை நீட்டினாள். "என்ன பார்க்கறே? நான் தோத்துட்டேன், நீ ஜெயிச்சுட்டே. 360 நாளு உன் கையிலே. அப்புறம் கணக்குச் சொல்லணும்" என்றாள்.

அண்ணி உப்பை அள்ளும்போது அவள் கையும் நடுங்கியதை நான் பார்த்தேன். அவள் கலக்கி முடிக்கும் வரையில் பெரியம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மறுநாள் காலை. முதல் ஈடு இட்லி இலைக்கு வந்தது. பால்காரர் ஒரு விள்ளல் வாயில் போட்டுக்கொண்டு, "ஆயா, இட்லி நல்லா இருக்குது" என்றார். கல்லாவிலிருந்த பெரியம்மா உடனே, "என் மருமககிட்டே சொல்லு. மாவு அவ பக்குவம்" என்றாள்.

பஸ்ஸுக்குப் புறப்படும்போது திண்ணையில் அந்தச் சொம்பு அப்படியே கிடந்தது. எடுத்து உள்ளே வைக்கலாம் என்று குனிந்தேன். அடியில் இன்னொரு சீட்டு. பத்திரிகைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? பிரித்துப் பார்த்தேன்.

அதிலும் 'அம்மா' என்றுதான் எழுதியிருந்தது.

பையனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் உதட்டின்மேல் விரலை வைத்து, கல்லாப் பக்கம் கண்ணைக் காட்டினான்.

"ஆயாதான் அப்பிடி எழுதச் சொன்னாங்க, சித்தப்பா. யார்கிட்டேயும் சொல்லக்கூடாதாம்" என்றான்.

நானும் அண்ணியிடம் சொல்லவில்லை. உங்களிடம்தான் சொல்லியிருக்கிறேன்.